மனுசி என்றுதான் சொன்னேன்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலு வருஷமாகிறது. இரண்டு தரம் கொப்பியை எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டு, அதோடு மூடி வைத்துவிட்டேன். நான் அதிகம் படித்தவன் அல்ல. சிட்னியில், லிட்கமில் பாண் சுடும் தொழிற்சாலையில் இருபது வருஷம் நின்று வேலை செய்தவன். ஆனால் என்னைத் தடுத்தது படிப்பில்லாத குறை அல்ல. என் மனைவி வாசித்துவிடுவாளே என்ற பயம்.

எங்கள் மெரிலேண்ட்ஸ் வீட்டுக் குசினியில் பாரிஸ் கலண்டர் ஒன்று தொங்கும். அவளுடைய தம்பி வருஷா வருஷம் அனுப்புவது. அங்கே தபால்காரர் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுப்பாராம். ஒரு வருஷம் அதில் ஒரு கோட்டையின் படம் வந்தது. வெள்ளைக் கல், கறுத்தக் கூரை, கூரை நிறையக் கோபுரங்கள், முன்னால் திராட்சைத் தோட்டம். வருஷம் முடிந்தும் அந்தத் தாளை அவள் கழற்றவில்லை. கறி கொதிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பிறகு மறதி வந்தது. முதலில் கறிக்கு இரண்டு தரம் உப்பு விழுந்தது. பிறகு பரமட்டா போய் வரும் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தெரியாமல் கடைசித் தரிப்பு வரை போய் இருந்தாள். எங்காவது போக ஆசைப்பட்டிருந்தால் இப்போதே கூட்டிக்கொண்டு போங்கள் என்று டொக்டர் சொன்னார். நான் பாரிசுக்கு ரிக்கற் போட்டேன். மைத்துனருக்கு மட்டும் உள்ளதைச் சொல்லவில்லை. அக்காவுக்குக் கொஞ்சம் களைப்பு என்று சொல்லி வைத்தேன். அது என் முதல் பிழை.

மைத்துனர் பாரிசிலிருந்து அந்தக் கலண்டர் கோட்டைக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனார். வழி நெடுகத் திராட்சை. ஒவ்வொரு வரிசையின் தலைப்பிலும் ஒரு ரோசாச் செடி நின்றது. கொடிக்கு வரும் நோய் ரோசாவில்தான் முதலில் தெரியுமாம், அதற்காகத்தான் நடுகிறார்களாம். மனைவி கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, "இவ்வளவு பூவும் சாமிக்குப் போகாமல் நிக்குது" என்றாள்.

கோட்டைக்குள் நடுவில் ஒரு பெரிய சுழல் படிக்கட்டு. ஒன்றுபோலத் தெரியும், ஆனால் இரண்டு. ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஏறும். ஒன்றில் ஏறுகிறவரும் மற்றதில் இறங்குகிறவரும் நடுவிலுள்ள சின்ன யன்னல்களால் பார்க்கலாம், சந்திக்க முடியாது.

"ராசாவுக்கு ரெண்டு வீடு இருந்திருக்கும் அத்தான், அதுதான் ரெண்டு படி" என்றார் மைத்துனர். பிறகு, நீங்கள் குடிக்காத ஆட்கள், மேலே பாருங்கள் என்று சொல்லிவிட்டு, நிலத்தடியில் வைன் பீப்பாய் வைத்திருக்கும் அறையைப் பார்க்கப் போய்விட்டார்.

மேல்மாடியில் அந்தக் காலத்து ராசாக்கள் செபம் செய்த சின்ன அறை ஒன்று இருந்தது. மாதாவின் சிலை, முன்னால் அணைந்த மெழுகுதிரி. நான் சைவன்தான். என்றாலும் தெய்வம் இருக்கும் இடத்தைச் சும்மா கடக்க எனக்கு வராது. கும்பிட இரண்டு கையும் வேண்டும். அதுவரை பிடித்திருந்த அவள் கையை விட்டேன். இவளுக்குச் சுகம் கொடு தாயே என்று கேட்டுக் கண்ணைத் திறந்தேன். பக்கத்தில் அவள் இல்லை.

படிக்கட்டுக்கு ஓடினேன். பாதி இறங்கியபோது யன்னலுக்குள்ளால் அவளுடைய மஞ்சள் சால்வை தெரிந்தது. மற்றப் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். "இஞ்சை, நில்லும்" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், நிற்கவில்லை. நான் கீழே வர அந்த மண்டபம் நிறையச் சனம். அவள் இல்லை. மைத்துனருக்கு அடித்தேன். நிலத்தடியில் போன் எடுபடவில்லை.

வாசலில் ரிக்கற் பார்க்கும் பெண்ணிடம் போனேன். எனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீசும் அந்த நேரம் வாயை விட்டுப் போய்விட்டது. "மனுசி, மனுசி" என்று, பெண்சாதியை நாங்கள் சொல்லும் சொல்தான் வந்தது. அந்தப் பெண் ஏதோ கேட்டாள். கடைசியில் "ஓம்?" என்று முடித்தாள். பாரிசில் எங்கள் ஆட்களோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் சிலர் வணக்கம், ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் ஓம் எல்லாம் பழகிவிட்டார்கள் என்று மைத்துனர் முதல்நாள்தான் சொல்லியிருந்தார். எனக்குத் தெய்வம் வழிவிட்டதுபோல இருந்தது. "ஓம், ஓம்" என்றேன். மனுசிக்கும் இப்படித்தான் என்று என் நரைத்த தலையைக் காட்டினேன், உயரத்தைக் கையால் காட்டினேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு ஒலிபெருக்கியில் அறிவித்தாள். காவலாளிகள் நாலு பக்கமும் போனார்கள்.

நான் ஒரு கதிரையில் இருந்தேன். தேவாரம் சொல்லத் தொடங்கினேன், மூன்றாவது வரியில் நின்றுவிட்டது. சின்ன வயதிலிருந்து சொல்லும் பாட்டு. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போன பிறகு காவலாளி ஒருவர் சந்தோஷமாக வந்தார். கூடவே தொப்பி போட்ட, என்னைப் போலக் கறுத்த ஒரு கிழவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அந்த மனிதருக்குச் சரியான கோபம். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அப்போதுதான் மைத்துனர் மேலே வந்தார். அந்தப் பெண்ணோடு கதைத்தார். முகம் மாறியது.

"அத்தான், என்ன சொன்னனீங்கள்?"

"மனுசி எண்டுதான் சொன்னனான்."

"அவைக்கு அது முசியே, ஐயா எண்ட மாதிரிக் கேட்டிருக்கு. ஆம்பிளையோ எண்டு கேட்டிருக்கினம். ஓம் எண்டா இவைக்கு ஆம்பிளை அத்தான். நீங்கள் ஓம் ஓம் எண்டிருக்கிறியள்."

வெளிவாசலில் நின்ற காவலாளியை விசாரித்தார். மஞ்சள் சால்வை போட்ட ஒரு அம்மா தனியே வெளியே போனாராம். ஆண் ஒருவரை மட்டுமே தேடச் சொன்னபடியால், மரியாதையாகக் கதவைத் திறந்து விட்டாராம்.

அப்போதுதான் மைத்துனருக்கு மறதியைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே ஓடினார். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சை. கொடிகள் ஆளுயரம். எந்தப் பக்கம் என்று யாரைக் கேட்பது? அந்த முதல் வரிசைத் தலைப்பில் நின்ற ரோசாச் செடியை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு காம்பு புதிதாக ஒடிந்து ஈரமாக இருந்தது. அடுத்த செடியிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும் ஒன்றே ஒன்று. மெரிலேண்ட்ஸ் வீட்டிலும் அவள் அப்படித்தான். ஒரு செடியில் சாமிக்கு ஒரு பூ, மற்றதெல்லாம் செடிக்கு. எத்தனையோ மறந்துவிட்டாள், இதை மறக்கவில்லை. ஒடிந்த காம்புகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம்.

வரிசைகள் முடியும் இடத்தில், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு நிலத்தில் இருந்தாள். மடியில் சால்வை, சால்வை நிறையப் பூ.

"என்னப்பா, இவ்வளவு பெரிய வீடு வைச்சிருக்கினம், ஒரு தேத்தண்ணி தரேல்லை" என்றாள். பிறகு வானத்தைப் பார்த்தாள். "விளக்கு வைக்கிற நேரமாகுது. சாமியறை எந்தப் பக்கம் எண்டு அவையிட்டக் கேளுங்கோ."

மைத்துனர் மற்றப் பக்கம் திரும்பிவிட்டார். நான் "ஓம், கேக்கிறன்" என்றேன். அந்தச் சொல்லைத் தவிர எனக்கு வேறு சொல் இருக்கவில்லை.

இப்போது எழுதுகிறேன் என்றால், அவள் வாசித்துவிடுவாளே என்ற அந்தப் பயம் போய்விட்டதால்தான். எழுத்துகள் அவளை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இந்தக் கொப்பி அவளுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. குசினியில் தொங்கும் அந்தக் கோட்டைப் படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாலும் அது ஆருடைய வீடு என்று கேட்கிறாள்.

சிட்னியில் கல்யாணவீடுகளில் இந்தக் கதை வேறுமாதிரி ஓடுகிறது. அன்ரி புருஷனை மறந்துபோய் வெள்ளைக்காரனோடு வைன் குடிக்கப் போனாவாம் என்கிறார்கள். "அங்கிள், அந்த ஓம் கதையைச் சொல்லுங்கோ" என்று என்னையே கேட்கிறார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்காகவும்தான் இதை எழுதினேன். இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். என் பிழைகளைக் குறைக்காமல், அவளுக்கு இல்லாததைக் கூட்டாமல், உள்ளபடி சொல்லுங்கள். கையை விட்டதும் நான், பிழையாகச் சொன்னதும் நான். அவள் சாமிக்குப் பூப்பறிக்கத்தான் போனாள்.