சுண்டுவிரல் நகமளவு அரசாங்கம்

சகலருக்கும் தெரிவிக்கப்படும் மிக முக்கியமான அறிவிப்பு: மூளை என்பவர் உடலுக்கு ராஜா அல்ல. இதை விஞ்ஞானம் என்றைக்கோ சொல்லிவிட்டது. இனி நான் சொல்லப்போவதை விஞ்ஞானம் சொல்லாது. ஆனால் நடந்தது. இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுக்கிறேன். கோடு பார்த்தே பழகியவனுக்குக் கதை கட்ட வராது.

என் தம்பி, லாரி மோதி, மூளைச் சாவு என்று அறிவிக்கப்பட்டு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான். இதயம் மட்டும் துடித்தது. அதைத் தானமாகக் கேட்டார் தலைமை அறுவை மருத்துவர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பிரசங்கி. சௌக்கியமா என்று கேட்டால்கூட மூன்று தலைப்பில் பதில் சொல்வார்.

"இதயத்தோட வலது மேல் மூலையில சுண்டுவிரல் நகமளவு ஒரு செல் கூட்டம் இருக்கு. அதுக்கு யாரும் உத்தரவு போட வேண்டாம். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் உப்பு கொஞ்சம் கொஞ்சமா கசியும். அளவு தாண்டினா தானா மின்சாரம் பாயும், இதயம் துடிக்கும். மறுபடி கசியும். மூச்சு மெஷின் ஓடுற வரைக்கும் அது பாட்டுக்கு நடக்கும். அது உயிர் இல்ல, வெறும் கசிவு. உங்க தம்பி சம்சாரத்துக்கு நீங்கதான் புரிய வைக்கணும்."

புரிய வைத்தேன்.

"மாமா, நெஞ்சு துடிக்குது மாமா. எப்படி அறுக்கச் சொல்றீங்க?"

"அது அவன் இல்லம்மா. உப்புக் கசிவு."

கையெழுத்துப் போட்டாள்.

மாலை 4.05. இதயத்தை எடுத்து, பக்கத்து ஆபரேஷன் தியேட்டரில் காத்திருந்த வேறொருவருக்குக் கொண்டுபோனார்கள்.

5.20. தைத்த உடல் அறைக்கு வந்தது. தம்பி மனைவி கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"உங்க மெஷினை வைங்க மாமா. நேர்கோடுதான்னு நீங்க பாத்துச் சொல்லணும். இல்லேன்னா நான்தான் அவரைக் கொன்னேன்னு ஆயிடும்."

வைத்தேன். இதயமே இல்லாத நெஞ்சுக்கு இ.சி.ஜி. எடுத்த மேதை உலகில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தாள் என் பக்கம் ஓடியது. ஸ்ஸ்ஸ்... நேர்கோடு.

5.31. கோட்டில் ஒரு சின்ன மேடு.

வழக்கமாக முதலில் இந்தச் சின்ன மேடு வரும். அது அந்தச் செல் கூட்டம் போடும் உத்தரவு. பின்னாலேயே உயரமாய் ஒரு கூர்முனை எழும். அது இதயம் கீழ்ப்படிந்ததற்குச் சாட்சி. இங்கே கூர்முனை இல்லை.

மேடு மட்டும்... மறுபடி மேடு... நிமிடத்துக்கு எழுபத்திரண்டு.

ஒயர்களைச் சரிபார்த்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். பேட்டரியில் ஓடியது.

மேடு... மேடு...

கழற்றி என் கையில் மாட்டினேன். மேடும் கூர்முனையும் ஒழுங்காக வந்தன. மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

திரும்ப அவன் நெஞ்சில் வைத்தேன்.

மேடு...

"என்ன மாமா?"

தாளை உள்ளங்கையால் மறைத்தேன்.

"நேர்கோடுதான்மா."

"அப்ப சரி மாமா."

மேடு நின்றது.

5.42.

ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் பாராட்டு விழா. இதய மாற்று அறுவை செய்ததற்காகப் பிரசங்கிக்குக் கேடயம். எனக்கும் தம்பி மனைவிக்கும் முன்வரிசையில் இரண்டு நாற்காலி.

"தைச்சு முடிச்சு ரத்தம் விட்டோம். மணி அஞ்சு முப்பத்தொண்ணு. இதயம் அசையல. பதினோரு நிமிஷம் என்னென்னமோ செஞ்சு பாத்துக் கையை எடுத்துட்டோம். அஞ்சு நாப்பத்திரண்டுக்குத் தானா துடிச்சுது" என்றார் மேடையில். கைதட்டல்.

எனக்குக் கை எழவில்லை.

தம்பி மனைவி மேடையைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னாள்.

"அன்னைக்கு அவர் மணிக்கட்டைப் பிடிச்சுட்டிருந்தேன் மாமா. நாடி ஓடுச்சு. நீங்க நேர்கோடுன்னு சொன்னீங்க... விட்டுட்டேன்."

புது இதயம் பெற்றவர் விழாவுக்கு வரவில்லை. அவர் மூன்றாம் நாளே இறந்துவிட்டார்.