மேசையில் கதைக்கக் கூடாது

யாழ்ப்பாண நகரத்தில் சொல்லடுக்குப் போட்டி நடத்தியவர்கள், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கென்று ஒரு வழிகாட்டித் தாளும் அனுப்பியிருந்தார்கள். சாவகச்சேரிப் பக்கத்து ஆட்கள் எந்த பஸ்ஸில் ஏறலாம், நிலையத்தில் இறங்கி எந்தக் கரையால் நடந்தால் வெயில் படாது, போட்டி நடக்கும் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் எந்தக் கடையில் தேத்தண்ணி நல்லது என்றெல்லாம் அதில் இருந்தது. மண்டபம் மணக்கும், சோத்துப் பார்சலில் மீன் வேண்டாம் என்றுகூட ஒரு வரி. எழுதியவர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் எனக்கு அதை வாசிக்க வாசிக்க எரிச்சல் வந்தது. வழியில் இருந்த ஆமிச் சாவடியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எண்பதுகளின் நடுப்பகுதி அது. எழுதியிருந்தால் அந்தத் தாளையே யாரும் கையில் வைத்திருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் எரிச்சல் வந்தது.

போட்டிக்குப் போக இருந்தவன் என் தம்பி. இருபது வயது தாண்டியவன், மீசை வைத்தவன், ஊரில் அவனைவிட அதிகம் சொல் தெரிந்த ஆள் கிடையாது. ஆனால் அந்தச் சொற்கள் வாயால் வராது. அவனுக்குக் கொன்னை. ஒரு வசனத்தைத் தொடங்கினால் முதல் சொல்லிலேயே நின்று, கழுத்து நரம்பு புடைத்து, கண் இரண்டும் பிதுங்கும். பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை இருக்காது. அவன் சொல்ல வந்ததை நானே சொல்லி முடித்துவிடுவேன். அதற்கு அவன் அக்கா என்றும் பார்க்காமல் என்னை முறைப்பான்.

சொல்லடுக்கு அவனுக்கென்றே கண்டுபிடித்த விளையாட்டு. எழுத்து அட்டைகளைக் கையில் எடுத்து, கட்டம் போட்ட பலகையில் ஒரு சொல்லுக்குக் குறுக்கே இன்னொரு சொல்லாக வைத்துக்கொண்டு போக வேண்டும். வாய்க்கு வேலை இல்லை. வழிகாட்டித் தாளின் கடைசி வரி, 'மேசையில் கதைக்கக் கூடாது, கதைத்தால் புள்ளி குறையும்' என்பது. தம்பி அந்த வரியில் விரலை வைத்து என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. உலகத்தில் கடைசியில் ஒரு நியாயமான சட்டம் போட்டிருக்கிறார்கள் என்பது மாதிரியான சிரிப்பு.

அவன் வாயில் தடங்காமல் வருகிற சொல் ஒன்றே ஒன்றுதான். ஓம். அதற்கு நாக்குத் தேவையில்லை. வாயைத் திறந்து மூடினால் சொல் முடிந்துவிடும். அதனால் எவர் எதைக் கேட்டாலும் அவசரத்துக்கு ஓம் என்றுவிடுவான். பிறகு ஆறுதலாகத் தலையாட்டியோ எழுதிக் காட்டியோ திருத்துவான். கடைக்காரர்கள் அவனிடம் இரண்டாம் முறை கேட்டுத்தான் சாமான் நிறுப்பார்கள். 'இல்லை' என்பதோ அவனுக்கு மலை. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டால் கழலாது. "இல்... இல்... இல்..." என்று அங்கேயே நிற்கும்.

சாவடியில் இளந்தாரிகளிடம் என்ன கேட்பார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்: ஆமியோடு சண்டை பிடிக்கிற இயக்கத்தில் நீயும் ஒருவனா என்று. அதனால்தான் அம்மா விடமாட்டேன் என்று நின்றாள்.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும் எண்டுவினம். இவன் என்னெண்டு பிழைக்கிறது?" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து இரங்கி, "பிள்ளை, நீயும் கூடப் போ. அவனுக்கு வாய் நீதான்," என்று என்னிடம் சொன்னாள்.

போவதற்கு முன் குசினிக்குள் ஒத்திகை நடந்தது. நான் அகப்பையைத் துவக்காகப் பிடித்துக்கொண்டு, குரலை மாற்றி, "நீ இயக்கமா?" என்று அதட்டினேன். அவன் "இல்... இல்..." என்று திணறி, கடைசியில் களைத்துப்போய் "ஓம்" என்றான். நாங்கள் மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகு அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது சிரிப்பால் வந்த கண்ணீர் இல்லை. இன்னொரு தரம் கேள் என்றாள். திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு தரமும் அந்தச் சொல் வரவில்லை.

போகும்போது சாவடியில் எங்கள் மினிபஸ்ஸை மறிக்கவில்லை. சிப்பாய் கையை அசைத்துப் போகச் சொல்லிவிட்டான். 

பள்ளிக்கூட மண்டபத்தில் தம்பி வேறு ஆளாக இருந்தான். கையைக் கட்டிக்கொண்டு, கதிரையில் சாய்ந்து, அட்டைகளைப் பார்த்தான். கடைசி ஆட்டத்தில் எதிரே இருந்தவர் காங்கேசன்துறையிலிருந்து வந்த ஒரு வாயாடி. "அட, பாருங்கோவன்" என்று சொல்லியே இரண்டு தரம் புள்ளியை இழந்தார். முடிவில் தம்பியின் கையில் இருந்த எழுத்துகளை அவன் ஒவ்வொன்றாகப் பலகையில் வைத்தான். கொ. ன். னை. எங்கள் பக்கத்து ஆட்கள் விளங்கிக்கொண்டு சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சின்ன வயதிலிருந்து அவனைத் துரத்திய சொல், அன்றைக்கு அவனுக்குப் புள்ளி கொண்டுவந்தது. எனக்கு எழும்பி நின்று ஆட வேண்டும்போல இருந்தது. பரிசு, ஒரு பெட்டி நிறையப் புது எழுத்து அட்டைகள்.

திரும்பி வரும்போது பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்க வேண்டும், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவனுக்கு வாயாகப் போனவளை ரோட்டின் இந்தக் கரையில் நிறுத்திவிட்டார்கள்.

அவன் முறை வந்தது. கேட்ட சிப்பாய்க்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும்.

"சாவகச்சேரி?"

"ஓம்."

"படிக்கிறது?"

"ஓம்."

"இயக்கமா?"

தம்பியின் கழுத்து புடைப்பது இங்கிருந்தே தெரிந்தது. "இல்... இல்..." சிப்பாய் துவக்கின் முனையால் அவன் நெஞ்சில் தட்டி, மறுபடியும் கேட்டான். தம்பி தலையை இல்லை இல்லை என்று இரண்டு பக்கமும் வேகமாக ஆட்டினான். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே வாய் திறந்து மூடியது.

"ஓம்."

நான் ரோட்டைக் கடந்து ஓடினேன். "ஐயா, தம்பிக்குக் கொன்னை! கொன்னை ஐயா, கொன்னை!" என்று கத்தினேன். அந்தச் சொல் சிப்பாய்க்குத் தெரியாது. தெரிந்த சொற்களுக்குள் அது இல்லை. அதற்குள் இன்னொருவன் தம்பியின் பையைப் பிரித்து அட்டைகளை மேசையில் கொட்டினான். தம்பி அவற்றைக் கிளறி, மூன்று அட்டைகளை எடுத்து ஒழுங்காக அடுக்கினான். இ. ல். லை. அடுக்கிவிட்டு விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான். அவ்வளவு தெளிவாக ஒருவரும் தங்கள் பதிலைச் சொல்லியிருக்க மாட்டார்கள். சிப்பாய்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இது என்ன இரகசிய எழுத்து என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மேசையிலிருந்த எல்லாவற்றையும் ஒரே வீச்சில் கீழே தள்ளிவிட்டு, அவனை உள்ளே கொண்டுபோனார்கள்.

பஸ்ஸைப் போகச் சொன்னார்கள். நான் போகமாட்டேன் என்று நின்றேன், ஏசினேன், மண்ணில் குந்திவிட்டேன். பஸ்ஸில் வந்த பெண்கள்தான் என்னை இடுப்பில் பிடித்து இழுத்து ஏற்றினார்கள்.

ஊரில் வேறு கதை நடந்தது. "ஒண்டும் இல்லாமல் ஓமெண்டு சொல்லுவானோ? நெருப்பில்லாமல் புகையாது," என்று எங்கள் வீட்டுப் படலையடியில் நின்று ஒருவர் சொன்னார். அவன் பிறந்த நாளிலிருந்து அவனைத் தெரிந்த மனிதர். நான் கையிலிருந்த வாளித் தண்ணீரை அவர் காலடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனேன்.

மிஷன் பள்ளிக்கூட அதிபர் ஆமி முகாமுக்குப் பல தடவை போய்க் கதைத்த பிறகு அவனை விட்டார்கள். மெலிந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தான். அம்மா அவனைக் கதிரையில் இருத்தி, தலையைத் தடவி, "தேத்தண்ணி குடிக்கிறியோ ராசா?" என்று கேட்டாள்.

"இல்லை."

தடங்கல் இல்லாமல், ஒரே மூச்சில், தெளிவாக வந்தது. அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வந்திட்டுது பிள்ளை, அவனுக்குச் சொல் வந்திட்டுது!" என்று என் கையைப் பிடித்தாள். பிறகு சாப்பாடு வேண்டுமா என்று கேட்டாள். இல்லை. நோகிறதா என்று கேட்டாள். இல்லை. கேட்டு முடிக்கும் முன்பே அந்தச் சொல் வந்து விழுந்தது. அம்மாவின் கை என் கையை மெல்ல விட்டது. அங்கே எத்தனை தரம் கேட்டிருப்பார்கள், எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நான் குசினிக்குள் போய் அகப்பையை எடுத்து அடுப்புக்குள் போட்டேன்.

இல்லை வந்ததும் ஓம் போய்விட்டது. வாய் 'ஓ' என்று வட்டமாகத் திறந்தபடி நிற்கும். ஒரு சத்தமும் வராது.

அடுத்த போட்டிக்கும் அழைப்பு வந்தது. கூடவே அதே வழிகாட்டித் தாள், அதே தேத்தண்ணிக் கடை, அதே மீன் வரி. நான் அவனுக்குப் பக்கத்தில் இருந்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மேசையில் கதைக்கக் கூடாது என்ற இடம் வந்தபோது அவன் தாளின்மேல் விரலை வைத்தான்.

"போவமோ?" என்று கேட்டேன்.

அவன் வாய் வட்டமாகத் திறந்தது. கழுத்து புடைத்தது. தலை மேலும் கீழுமாக ஆடியது. நான் இந்த முறை அவனுக்காக எதையும் சொல்லவில்லை, காத்திருந்தேன். தலை ஆடிக்கொண்டிருக்கும்போதே சொல் வந்தது.

"இல்லை."

"வேண்டாமாம், விடு பிள்ளை," என்றாள் அம்மா.

நான் அவன் தலையைப் பார்த்தேன். அது இன்னும் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"அம்மா, பார்சலுக்கு மீன் போடாதேங்கோ," என்றேன்.