மாட்டேன் என்ற கிளாக்கர்

தம்பலகாமத்தில் உழவு மிசின் ஓட்டுகிற தங்கரத்தினத்தை எவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கிளாக்கர் என்பார்கள். அதில் பாதி மரியாதை, பாதி நக்கல். எஸ்.எஸ்.சி. சோதனையில் ஐந்து பாடத்தில் அதிதிறமைச் சித்தி எடுத்து, சுதந்திரம் கிடைத்த அடுத்த வருடமே திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் குமாஸ்தா வேலைக்குக் கதிரை பிடித்தவர். வெள்ளைச் சேட்டும் பேனையுமாக அவர் பஸ்ஸில் ஏறினால் ஆட்கள் எழும்பி இடம் கொடுத்த காலமும் இருந்தது.

பிறகு சிங்களம் அரசகரும மொழியானது. கந்தோரில் இருப்பவர்கள் சிங்களச் சோதனை பாஸ் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் சம்பள உயர்வு இல்லை என்று கடிதம் வந்தது. தங்கரத்தினத்துக்கோ சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கூட வேலை செய்த சிங்களவர்களோடு அந்த மொழியிலேயே பகிடி விடுவார். சோதனைக்குப் போயிருந்தால் அதிலும் முதலாவதாக வந்திருப்பார். ஆனால் போகவில்லை. "பதினஞ்சு வருசம் பிழையில்லாமல் வேலை செய்தனான். இனி எனக்கென்ன சோதனை? எழுதமாட்டன்" என்று மேலதிகாரியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, 1964இல் வேலையை விட்டு வந்து பழைய உழவு மிசின் ஒன்றை வாங்கினார்.

மனைவி கமலாதேவி மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. ஊர் மூன்று நாளோடு விடுமா? ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்த வேண்டுமென்றால் தகப்பன்மார் கிளாக்கரைத்தான் கைநீட்டிக் காட்டுவார்கள். "அஞ்சு டிஸ்டிங்ஷன் எடுத்தவரே சேத்துக்குள்ள நிக்கிறார். நீ படிச்சு என்னத்தைக் கிழிக்கப்போறாய்?" இதைக் கேட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். சேற்றில் நிற்பதில் அவருக்கு ஒரு வெட்கமும் இல்லை. தன் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளின் புத்தகத்தைப் பறிக்கிறார்களே என்பதுதான் ஆத்திரம்.

1969 சிறுபோகம். குறிஞ்சாக்கேணி அப்துல் மஜீத்துக்குத் தம்பலகாமத்தில் நாலு ஏக்கர் வயல். குளத்துத் தண்ணீர் அங்கே முறை வைத்துத்தான் வரும். தன்னுடைய முறைக்குள் வயலை உழுது சேறாக்காதவனுக்கு அந்தப் போகம் போனது போனதுதான். தண்ணீர் அடுத்தவனுடைய வாய்க்காலுக்குத் திரும்பிவிடும். மஜீத்தின் முறை முடிய இரண்டு நாள் இருந்தது. தங்கரத்தினம் பாதி வயலை உழுதிருந்தார். அண்ணன் முறையில் அவர் 'நானா' என்று கூப்பிடும் மஜீத் வரம்பில் நின்றபடி, சும்மா ஊர்க்கதை சொல்கிறவர் போலத் தொடங்கினார்.

"மகள் அசனாவ ஸ்கூலால நிப்பாட்டப்போறன், கிளாக்கர். ஜீ.சீ.ஈ. எழுத விண்ணப்பத்தில கையெழுத்துக் கேட்டு ஒத்தக் கால்ல நிக்கிறா. அஞ்சு டிஸ்டிங்ஷன் எடுத்தவருக்கே இந்தக் கெதி எண்டு ஒங்களத்தான் சொல்லிக் காட்டினன்."

தங்கரத்தினம் மிசினை நிறுத்தினார். சேறு வழியும் காலோடு வந்து வரம்பில் குந்தினார்.

"என்ன, எண்ணெய் முடிஞ்சா?"

"இல்லை, நானா. அந்தப் பிள்ளைக்கு நீங்கள் கையெழுத்து வைக்குமட்டும் நான் இந்த வயலை உழமாட்டன்."

மஜீத் முதலில் சிரித்தார். பகிடியில்லை என்று தெரிந்ததும் முகம் மாறியது.

"நான் வேற மிசின் பிடிப்பன்."

"பிடியுங்கோ. இந்தக் கிழமை எந்த மிசின் சும்மா நிக்குது?"

"என்ர மகள்ட விசயத்தில ஒங்களுக்கென்ன கதை?"

"என்ர பேரைச் சொல்லித்தானே மறிக்கிறீங்கள்? அப்ப எனக்கும் கதை இருக்குது."

செய்வது அடாவடி என்று அவருக்கே தெரியும். மஜீத் வீட்டில் ஆறு பேர் சாப்பிடுவது இந்த வயலை நம்பித்தான். என்றாலும் அவர் எழும்பவில்லை.

"சரி, சொல்லுங்க," என்றார் மஜீத். "படிச்சு நீங்க என்ன கண்டீங்க?"

"கதிரை போச்சுது. ஊரில இருந்த மதிப்பும் போச்சுது. படிச்சவன் எல்லாம் மேல வருவான் எண்டு நான் பொய் சொல்லமாட்டன். ஆனா நான் சோதனையில பெயில் விட்டு வெளியில வந்தவனில்லை, நானா. மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். எழுதத் தெரிஞ்சவன் மாட்டன் எண்டாத்தான் அதுக்கு மதிப்பு. தெரியாதவன் சொன்னா, பாவம், அவனுக்கு ஏலாது எண்டுதான் சனம் நினைக்கும். அவள் எழுதட்டும். பிறகு விடுறதெண்டா அவளே விடட்டும்."

மஜீத் வாய்க்காலைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நாளைக்கு நான் பாக்கிற மாப்பிளைய அவ மாட்டன் எண்டு சொன்னா?"

தங்கரத்தினம் இதை எதிர்பார்க்கவில்லை. படிப்பு வீணாய்ப் போகும் என்று இந்த மனிதர் பயப்படவில்லை. வீணாய்ப் போகாது என்றுதான் பயப்படுகிறார்.

"சொன்னாலும் சொல்லுவா," என்றார். அவரை ஆறுதல்படுத்த ஒரு வார்த்தை கூட்டவில்லை.

மஜீத் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று முழுவதும் மிசின் வயலுக்குள் அப்படியே நின்றது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் கிளாக்கருக்குப் பைத்தியம் என்றார்கள்.

அடுத்த நாள் காலை மஜீத் சைக்கிளில் வந்து இறங்கினார். சேட்டுப் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். கையெழுத்து இருந்தது.

"இது ஒங்கட மிசினுக்குப் பயந்து வெச்ச கையெழுத்தில்ல," என்றார். "வீட்ட போய், நாளையிலிருந்து ஸ்கூலுக்குப் போகாத எண்டு சொன்னன். மாட்டன் எண்டுட்டா. என்ர முகத்தப் பாத்து, மாட்டன் வாப்பா எண்டா. ஒரு சோதனையும் எழுதாமலே சொல்லிட்டா, கிளாக்கர்."

தங்கரத்தினத்துக்கு வெட்கமாகிப் போனது. அந்தச் சொல்லை வாயால் சொல்ல அவருக்கு ஐந்து அதிதிறமைச் சித்தியும் பதினைந்து வருடக் கந்தோரும் தேவைப்பட்டன.