பவளம் பார்க்கும் கெய்ரோ

"அவளின்ர குதிக்காலைப் பாருங்கோ, வெடிச்சுப்போய்க் கிடக்கு!"

பவளம் தொலைக்காட்சியை நோக்கிக் கையை நீட்டிவிட்டால் வீட்டில் எல்லாரும் குதிக்காலைத்தான் பார்க்கவேண்டும். திரையில் கெய்ரோ நகரத்துச் சலவைக்காரி ஒருத்தி மொட்டைமாடியில் துணி பிழிகிறாள். இங்கே, சிட்னி ஹோம்புஷில் சனிக்கிழமை மாலை. குசினியில் பருப்பு அடிப்பிடிக்கிறது; எழுந்து போக பவளத்துக்கு மனமில்லை.

மரிக்வில்லில் ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் கொலர் தைப்பவள் அவள். பக்கத்து மெஷினில் சமீரா, எகிப்துக்காரி. லக்கெம்பாவில் உள்ள அரபுக் கடையில் எகிப்தியப் பட வீடியோக் கசற் எடுத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் வந்துவிடுவாள். அரபியில் கேட்டதைச் சமீரா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்ல, அதைப் பவளம் கணவர் மகேந்திரராஜாவுக்குத் தமிழில் சொல்லுவாள். வருகிற வழியில் கதை கொஞ்சம் கொழுத்துவிடும். படத்து வேலைக்காரி எசமானியின் முன்னால் சும்மா அழுதாலும், மகேந்திரராஜாவின் காதில் நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் அழுவாள்.

"வாயே அசையேல்லை. இவ்வளவும் கதைச்சவளோ?"

"கண்ணால கதைச்சவள். நீங்கள் பேசாமல் பாருங்கோ."

இந்தப் படங்களில் அவளுக்கு அப்படி ஒரு பிடிப்பு. "எங்கட படங்களில ஏழையெண்டால் புதுச் சீலையைக் கிழிச்சு ஒட்டுப்போட்டு விடுவினம். இவள் வேலையால வந்து, செருப்பைக் கழட்ட முந்தி அடுப்பை மூட்டுறாள். இதை எடுத்தவன் தன்ர தாயைப் பாத்திருக்கிறான்" என்பாள்.

பிடிக்காதவள் ஒருத்தி மட்டும் உண்டு. தொழிற்சாலைக் கதை என்றால் தவறாமல் வந்துவிடும் மேற்பார்வைக்காரி. கையைக் கட்டிக்கொண்டு பெண்களின் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். முதலாளிகூடக் கடைசியில் திருந்திவிடுவான். அவள் மட்டும் திருந்தமாட்டாள். அவள் தலை தெரிந்ததுமே பவளம் தலையணையைத் தூக்கி எறிவாள், சமீரா கைதட்டுவாள்.

அந்தப் பவளத்தைத்தான் முகாமையாளர் கூப்பிட்டு, சூப்பர்வைசராக இருக்கிறாயா என்று கேட்டார். ஆசை இல்லை என்று சொன்னால் பொய். கொலர் தைத்துத் தைத்து அவளுடைய கழுத்துத்தான் பிடித்துப்போயிருந்தது. ஆனாலும் அன்றிரவு சோறு இறங்கவில்லை.

"நல்ல விசயம்தானே, ஏன் முழிக்கிறீர்?" என்றார் மகேந்திரராஜா.

"படத்தில உந்த மேற்பார்வைக்காரிக்கு ஒரு சிநேகிதியும் இல்லையப்பா. கவனிச்சனீங்களோ?"

அவர் கவனிக்கவில்லை. அவள் யோசித்து யோசித்துக் கடைசியில் சரி என்று சொல்லிவிட்டாள். முதல் நாள் சமீரா இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள், வரிசையே கைதட்டியது. பவளம் ஒரு பெட்டி லட்டு கொண்டுபோயிருந்தாள். மத்தியானத்துக்கு முன்னரே பெட்டி காலி.

அந்தக் கிழமை முடிவதற்குள் வந்தது வினை. மகனின் கலியாணக் கதையை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே சமீரா ஒரு கட்டுக் கொலர் முழுவதையும் உட்புறம் வெளியே தெரியத் தைத்துவைத்திருந்தாள். பவளம் அவள் பின்னால் போய் நின்றாள். குனிந்து பார்த்தால் தன் கைகள் கட்டியிருந்தன! சட்டென்று பிரித்துக்கொண்டாள்.

"சமீரா, எல்லாத்தையும் பிரிச்சுத் தைக்கவேணும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் அவளுடையது போலவே இல்லை. பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சமீரா திரும்பாமலே அரபியில் ஒரு சொல்லை முணுமுணுத்தாள். படங்களில் வேலைக்காரிகள் மேற்பார்வைக்காரி போனபின் சொல்லுகிற அதே சொல். பவளத்துக்கு அதை யாரும் மொழிபெயர்க்கவேண்டியிருக்கவில்லை.

ஒரு கதிரையை இழுத்துவந்து சமீராவின் தோளோடு தோள் முட்ட உட்கார்ந்தாள். பிழையாகத் தைத்த கொலர்களில் பாதியை அள்ளி மடியில் போட்டாள். பிறகு கேட்காமலே சமீராவின் கத்தரிக்கோலை எடுத்து முதல் கொலரின் நூலை வெட்டத் தொடங்கினாள்.