லிந்துலையில் உறைந்த வெயில் களிம்பு

என் தங்கையைப் பெண் பார்க்கப் பொல்பிட்டிய பக்கமிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அவர்களில் மாப்பிள்ளையின் அத்தைதான் முதலில் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் இருந்த எங்கள் காம்பரா வீட்டுக்குள் நுழைந்தார். நுழைந்தவர் நேராக என்னிடம் வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "பொண்ண நல்லா வளத்து வச்சிருக்கீங்க சம்பந்தி" என்றார். பக்கத்தில் பலகாரத் தட்டோடு நின்ற என் அம்மாவைக் காட்டி, "இவங்க மூத்த பொண்ணுங்களா?" என்றும் கேட்டார்.

மூத்த பெண் நான். தட்டோடு நின்றது என்னைப் பெற்றவள்.

அம்மா உடனே திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. தட்டைக் கீழே வைத்தாள், முந்தானையைச் சரி செய்தாள், தொண்டையைச் செருமினாள். அதற்குப் பிறகுதான், "இல்லீங்க, நான்தான் அம்மா. அது மூத்தது" என்றாள். அவ்வளவு இனிமையாக அவள் பேசி நான் கேட்டதே கிடையாது. அத்தை வாயில் கை வைத்து, "நம்பவே முடியலீங்களே" என்றார். சும்மா இருக்காமல் அதை மறுபடியும் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

மற்றபடி பேச்சு நல்லபடியாக முடிந்தது. தை மாதம் பொல்பிட்டியவில் கல்யாணம் என்று முடிவானது. அன்று மாலை பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன அம்மா, லயம் முழுக்கச் செய்தியைப் பரப்பிவிட்டு வந்தாள். கல்யாணச் செய்தியை அல்ல.

அத்தையைக் குறை சொல்லவும் முடியாது. அம்மா பிள்ளைக் காம்பராவில் ஆயா. தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, காலையிலிருந்து மாலை வரை கூரைக்குக் கீழே இருக்கிறவள். நான் கொழுந்து எடுக்கிறவள். பள்ளிக்கூடத்தை விட்ட வருடத்திலிருந்து என் முகத்துக்கும் வெயிலுக்கும் நடுவில் எதுவும் இருந்ததில்லை. எங்கள் ஊர் வெயில் சரியான கள்ளன். குளிர்காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் அது சுடுவது தெரியாது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே கருகிப்போவோம். தொப்பி போடலாமே என்று படம் பிடிக்க வருகிற கொழும்பு ஆட்கள் புத்தி சொல்வார்கள். கூடை தலையில் மாட்டிய கயிற்றில்தான் தொங்குகிறது, தொப்பியை எங்கே வைப்பது என்று அவர்கள் சொல்வதில்லை. கயிற்றுக்குக் கீழே மடித்துப் போடும் துணி நெற்றியை மட்டும் காக்கும். அதனால் என் நெற்றி அம்மாவின் நெற்றி மாதிரியே இருக்கும். அதற்குக் கீழே வேறொருத்தி தொடங்குவாள். போதாததற்குக் கன்னம் இரண்டிலும் மங்கு, யாரோ பிளேன்டீயைச் சிந்திவிட்டுத் துடைக்க மறந்த மாதிரி.

என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். நான் கிழவி மாதிரியா இருக்கிறேன் என்று அவரிடம் போனில் முகத்தைக் காட்டிக் கேட்டேன். "எனக்கு நல்லாத்தானே தெரியிற" என்றார். எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிற இலட்சணத்துக்கு, அது என் முகம்தான் என்று அவருக்குத் தெரிந்ததே பெரிய விஷயம்.

எனக்கு அழகு வேண்டியிருக்கவில்லை. என் வயது எனக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். கல்யாணத்தன்று மணவறைக்குப் பக்கத்தில் நான் நிற்கும்போது, பார்க்கிறவர்கள் யாரையும் கேட்காமலே "இது பொண்ணோட அக்கா" என்று சொல்ல வேண்டும். அதிலும் அந்த அத்தை சொல்ல வேண்டும்.

தலவாக்கலையில் மருந்துக்கடைக்காரரிடம் போய் முகத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "மங்கு கொறையணும்னா வெயில்ல நிக்காம இருக்கணும்மா" என்றார். "அத ஒரு துண்டுல எழுதிக் குடுங்கய்யா, கண்டாக்குகிட்ட காட்டுறேன்" என்றேன். கண்டாக்கு எங்களை மலையில் நிறுத்தி வேலை வாங்குகிறவர். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு சின்ன டியூபை எடுத்து முன்னால் வைத்தார். விலையைக் கேட்டதும் நானே அதை மரியாதையாக அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.

அதற்குப் பிறகுதான் தங்கை போனில் அந்த வீடியோவைக் கண்டுபிடித்தாள். இந்தியாவில் எங்கோ ஒரு அம்மா, வீட்டிலேயே இயற்கையான வெயில் களிம்பு செய்து காட்டினார். காரட்டைத் துருவித் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்ச வேண்டும். மஞ்சளும் கற்றாழையும் சேர்க்க வேண்டும். கடைசியில் தேன்மெழுகு. "வெயிலுக்கு இது ஒரு கவசம்ங்க" என்று அவர் சொன்னபோது மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

காரட்டுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. கற்றாழை வாசலிலேயே இருந்தது. திருஷ்டி படாமலிருக்க நிலைக்கு மேலே தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த செடியில் ஒரு மடலை அறுத்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஊரு கண்ணெல்லாம் வாங்கி வச்சிருக்கு அது. அதையா மூஞ்சில பூசப்போற?"

"ஒங்க மேல பட்ட கண்ணுதானே எல்லாம். எனக்கு யாரு கண்ணு வைக்கப்போறா" என்றேன்.

அம்மா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தேன்மெழுகுதான் கிடைக்கவில்லை. "மெழுகுதிரிய ஒடச்சிப் போடுவமா?" என்று தங்கை கேட்டாள். கல்யாணப் பெண் என்பதால் பேசாமல் விட்டேன். வீடியோவை மறுபடி போட்டுக் கேட்டோம். "எல்லாத்தையும் வடிகட்டி அறை வெப்பநிலையில வச்சிடுங்க. காலையில நல்லா உறைஞ்சிருந்தா சரி. உறையலன்னா இன்னும் கொஞ்சம் மெழுகு சேருங்க" என்றார் அந்த அம்மா. சரி, மெழுகு இல்லாமலே வைத்துப் பார்ப்போம் என்று ஒரு ஜாம் போத்தலில் ஊற்றி அலுமாரி மேல் வைத்தோம்.

காலையில் பார்த்தால் கல் மாதிரி உறைந்திருந்தது. கரண்டியைக் குத்தினால் கரண்டி நின்றது. மஞ்சள் நிறத்தில் அப்படி ஒரு அழகு. மெழுகே தேவைப்படவில்லை, நமக்குக் கைராசி என்று தங்கை சொன்னாள். நானும் நம்பினேன்.

எங்கள் அறையின் வெப்பநிலை அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவர் அறையின் வெப்பநிலை எங்களுக்குத் தெரியாது. மார்கழியிலும் தையிலும் லிந்துலையில் தேங்காய் எண்ணெய் போத்தலை அடுப்பின் ஓரத்தில் சாய்த்துவைத்து உருக்கினால்தான் தலைக்கே எண்ணெய் வைக்க முடியும். பிறந்ததிலிருந்து நாங்கள் செய்து வருகிற வேலை அது. அன்றைக்குக்கூட அந்த வேலையைச் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டுதான் காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனேன். ஆனால் களிம்பு மஞ்சளாக இருந்ததால், அதுவும் தேங்காய் எண்ணெய்தான் என்பது எங்கள் இருவருக்கும் மறந்தேபோனது. பெயர் மாறினால் சாமான் மாறிவிடும் என்று நினைத்துவிட்டோம்.

அன்று முதல் தினமும் பூசினேன். விடியற்குளிரில் அது முகத்தில் பரவாது. கரண்டியால் சுரண்டி எடுத்துக் கன்னத்தில் அப்பிக்கொண்டு, இளகும்வரை கையால் பொத்திக்கொள்வேன். பல்வலிக்காரி மாதிரி பெரட்டில் நின்றேன். மலை ஏறி வெயில் பட்டதும் அது உருகும், மினுமினுக்கும், சமையல் வாசம் வரும். பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள், "ஒங்க கிட்ட நின்னா பசிக்குது" என்று தள்ளிப் போனாள். அம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள்: "எண்ணெய தடவிக்கிட்டு வெயில்ல நின்னா அதுக்குப் பேரு பொரியல்."

மங்கு குறையவில்லை. முன்னைவிடக் கறுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் மஞ்சள் நிறம் அதற்கு மேலே ஒரு பூச்சு மாதிரி இருந்ததால், சாயங்கால வெளிச்சத்தில் கண்ணாடி பார்த்தால் ஏதோ மாற்றம் தெரிந்த மாதிரி இருக்கும். நம்ப ஆசைப்பட்டதால் நம்பினேன். கல்யாணத்துக்கென்று புதிதாக ஒரு போத்தல் நிறையக் காய்ச்சினேன். மண்டபத்தில் வைத்துப் பூசிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

போத்தல் உடையாமல் இருக்க மெத்தென்று ஒரு இடம் தேவைப்பட்டது. அம்மாவின் பட்டுச்சேலை இருந்த பையில் வைத்தேன். அவளிடம் இருந்தது அந்த ஒரு பட்டுதான். கசங்கும் என்று கட்டாமல் பையில் கொண்டுவந்தாள். மூடியை ரொம்ப இறுக்கவில்லை. கட்டியாக இருக்கிற சாமானுக்கு மூடியை எதற்கு இறுக்குவது?

ஹட்டன் வரைக்கும் வேனின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு எல்லாரும் போர்த்திக்கொண்டு வந்தோம். வட்டவளை தாண்டியதும் ஸ்வெட்டர்களைக் கழற்றினோம். கினிகத்தேனையில் கண்ணாடிகளை இறக்கினோம். அதற்குக் கீழே இறங்க இறங்க, வெக்கையில் மேலிருந்து வந்தவர்கள் எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"எங்கயோ காரட்டு வதக்குறாங்க" என்றாள்.

எனக்கு அப்போதுதான் எண்ணெய் போத்தலும் அடுப்பின் ஓரமும் ஞாபகம் வந்தன. இறுக்காத மூடியும் ஞாபகம் வந்தது. பேசி என்ன ஆகப்போகிறது?

மண்டபத்தின் பின்னறையில் அம்மா பையைத் திறந்தாள். போத்தலின் அடியில் கொஞ்சம் எண்ணெய் நின்றது. மிச்சமெல்லாம் பட்டில் இருந்தது. அம்மா சேலையை விரித்தாள். முந்தானையில் பெரிய தோசை அளவுக்குச் செம்மஞ்சள் கறை. சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. அம்மா திட்டினால் சமாளித்துவிடலாம். பேசாமல் இருந்தால் பயம். கறை உள்ளே மறையும்படி மடித்துக் கட்டினாள். அது மறையவில்லை. என் பக்கம் திரும்பாமலே வெளியே போய்விட்டாள்.

புத்தியுள்ளவள் அதோடு நிறுத்தியிருப்பாள். இவ்வளவும் நடந்த பிறகு அக்கா மாதிரியாவது தெரியாவிட்டால் எப்படி என்று நினைத்து, மிச்சமிருந்ததை உள்ளங்கையில் ஊற்றி முகத்தில் தடவிக்கொண்டேன். பொல்பிட்டியவின் வெக்கையில் அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. வேர்வையோடு சேர்ந்து கழுத்துக்கு இறங்கியது. வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்துக் கைகூப்பி, "அம்மனுக்கு நேர்த்திக்கடனுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். விளக்கம் சொல்வதைவிட அது சுலபம்.

தாலி ஏறி முடிந்ததும், எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். மாப்பிள்ளையின் அத்தை தன் பக்கத்துச் சொந்தக்காரர்கள் ஒரு கூட்டத்தை எங்களிடம் கூட்டிவந்தார். "இவங்கதான் பொண்ணோட..." என்று என்னைக் காட்டி ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். போன தடவை ஏதோ தப்பாகச் சொன்னோம் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. எது தப்பு என்பது ஞாபகமில்லை. என் முகத்தைப் பார்த்தார், அம்மா முகத்தைப் பார்த்தார், திரும்ப என் முகத்தில் வழிந்த மஞ்சளைப் பார்த்தார். "மன்னிச்சிக்கங்க, மறுபடி கொழம்பிருச்சி. அம்மா யாருங்க?" என்றார். கூட்டம் சிரித்தது.

அம்மா முந்தானையைச் சரி செய்யப்போகிறாள், தொண்டையைச் செருமப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் இரண்டையும் செய்யவில்லை.

"அம்மா நானுங்க. இது என் மூத்த மக" என்றாள். "எனக்கு முட்டி போனப்ப, வீட்டுலருந்து ஒரு ஆளு மலைக்கு வந்தாத்தான் என்னைய புள்ள காம்பராவுல போடுவோம்னாங்க தோட்டத்துல. இது படிச்சிக்கிட்டு இருந்திச்சி. பொஸ்தகத்த வச்சிட்டு கூடைய எடுத்துக்கிட்டுப் போயிருச்சி. அன்னையிலருந்து நான் நெழல்ல இருக்கேன். என் பங்கு வெயிலயும் சேத்து இதுதான் வாங்குது. அதான் என் மூஞ்சி இப்படி, இது மூஞ்சி அப்படி."

சிரிப்பு நின்றுவிட்டது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அம்மா அதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கோபம் எனக்கு இருந்தது, பொறாமையும் இருந்தது. இப்போது அவளுடைய மழமழப்பான கன்னத்தைப் பார்த்தபோது, இது நான் காப்பாற்றி வைத்தது என்று தோன்றியது. பெருமையாக இருந்தது. அழுகையும் வந்துவிட்டது. கண்ணீர் பட்டு மஞ்சள் இன்னும் மோசமாக வழிந்தது.

"அக்கா, படத்துக்கு வாக்கா" என்று தங்கை மணவறையிலிருந்து கூப்பிட்டாள்.

"இப்படியே போகப்போறியா, கோலத்தப் பாரு" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே, மடித்துச் செருகியிருந்த முந்தானையை வெளியே இழுத்தாள்.

"அம்மா, பட்டும்மா அது."

"அதான் போயிருச்சே. இங்க திரும்பு."

பிள்ளைக் காம்பராவில் சாப்பிட்டு முடித்த குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி, ஒரு கையால் என் நாடியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கு முன்னாலும் நெற்றியிலிருந்து கழுத்துவரை அழுத்தித் துடைத்தாள். பூச்சு முழுக்கப் போனது. மங்கு அப்படியே வெளியே தெரிந்தது. அந்த முகத்தோடு போய்த் தங்கைக்குப் பக்கத்தில் நின்றேன்.