நிப்பொங்கோ போட்டிக்கு மூவர் அணி

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டப் பள்ளியில் நிப்பொங்கோ, அதாவது ஜப்பானிய மொழிதான், முதல் பாடம். சுங்கை பட்டாணி டவுனில் பள்ளிகளுக்கிடையே மொழிப் போட்டி, ஜப்பானிய அதிகாரியே பரிசு கொடுப்பார் என்று தாக்கீது வந்ததும், வாத்தியார் மூன்று பேரைப் பொறுக்கினார்: நான், கங்காணி மகன், என் பெரியப்பா மகள். எனக்குப் பதின்மூன்று வயது. அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள்.

உண்மையில் அணி என்பதே அக்காதான். மரவள்ளிக்கு மண் அணைக்கும்போதுகூட ஜப்பானிய வாக்கியங்களை முணுமுணுப்பாள். ரயில் பாதை போடவென்று ஜப்பான்காரர்கள் பெரியப்பாவைச் சயாமுக்கு லாரியில் ஏற்றிப்போய் மாதங்களாகியிருந்தன. வீட்டுத் துணிகளையெல்லாம் கொடுத்துப் பெரியம்மா அரிசி வாங்கிவிட்டதால், அக்கா கோணிச் சாக்கில் தைத்த கவுன்தான் உடுத்தினாள். தோட்டத்தில் அது ஒரு குறையில்லை. ஆனால் டவுன் பிள்ளைகள் முன்னால், என் பூப்போட்ட கவுனுக்குப் பக்கத்தில் அந்தச் சாக்கு நிற்பதை நினைத்தாலே எனக்குக் கூசியது.

'வண்டி வந்ததும் நானே வந்து கூப்பிடுறேன்' என்று அவளிடம் சொல்லி வைத்தேன். போட்டியன்று காலையில் வாத்தியார் மாட்டு வண்டியோடு வந்து, அவளை அழைத்துவரச் சொன்னார். பாதி வழி போனேன். தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு அவள் தன் லயத்து வீட்டு வாசலில் நிற்பது தெரிந்தது. அவள் பார்ப்பதற்குள் திரும்பிவிட்டேன்.

"அக்காவுக்குக் குளிர்காய்ச்சல் சார். எழும்ப முடியல."

"அடடா, அவள நம்பித்தானே போறோம்" என்றவர், நேரமாகிவிட்டதால் வேறொரு பையனை ஏற்றிக்கொண்டார்.

எப்படியோ மூன்றாம் பரிசு வந்தது, ஆளுக்கொரு துவைக்கிற சவுக்காரக் கட்டி. பரிசு கொடுத்த ஜப்பானிய அதிகாரி, தன்னிடம் எதை வேண்டுமானாலும் ஜப்பானிய மொழியில் கேட்கலாம் என்றார். நான் "அரிகாத்தோ" என்று நன்றி மட்டும் சொல்லிக் குனிந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

திரும்பி வந்து, வண்டியை விட்டிறங்கி நான் தனியாக நடந்தபோது அக்கா ரோட்டோரம் நின்றிருந்தாள். ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்பாள், மறந்துவிட்டேன் என்று சொல்லலாம் என எண்ணியிருந்தேன். அவள் அதைக் கேட்கவே இல்லை.

"ஆபீசர் பேச விட்டாரா?"

"எதுனாலும் கேளுங்கன்னாரு. நான் ஒண்ணும் கேக்கல."

"எங்கப்பா எப்ப வருவாருன்னு கேட்டிருக்கலாம். நான் அதுக்குத்தான் படிச்சேன்."

முகம் எரிந்தது. சவுக்காரத்தை அவள் கையில் திணித்து, "அடுத்த போட்டியில நீயே கேளுக்கா" என்றேன். இன்னொரு போட்டி நடக்கும், அதுவரை பெரியப்பா உயிரோடு இருப்பார் என்றெல்லாம் அன்று நான் உறுதியாக நம்பினேன்.