தண்ணியில கண்டம்

சாந்தோமில் ஐவி டீச்சரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுக்கலாம், பால் மட்டும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் போச்சு. ஆடை படியும்வரை காத்திருந்து, ஒரு ஓரமாக மெல்ல ஊதி, "பாருங்க, எப்படிச் சுருங்கி மேல எழும்புது பாருங்க! இமயமலை வந்தது இப்படித்தான்" என்று ஆரம்பித்துவிடுவாள். வீட்டுக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். "குடிங்க டீச்சர், ஆறுது" என்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் அவள் பூகோளம் எடுத்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை ஆலிஸ் வீட்டு மாடியறையில் இருந்தாள். அந்தப் பித்து அவளுக்குப் பத்து வயசிலேயே பிடித்தது. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பா காஸ்பர் ஆசை ஆசையாக வாங்கி வந்த அட்லஸைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஆப்பிரிக்காவையும் தென்னமெரிக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதுகில் விழுந்த அடி மறந்துபோயிற்று. ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் முழங்கை பொருந்தி உட்கார்ந்தது மறக்கவில்லை.

அப்புறம் ஆலிஸின் புருஷன் அல்போன்ஸ். அவன் ரயில் என்ஜினில் கரி தள்ளுகிறவன். சிங்கரேணிச் சுரங்கத்திலிருந்து வந்த கரியில் ஒருநாள் இலை அச்சுப் பதிந்த கல் ஒன்று கிடக்க, "அக்கா, உனக்கு ஆவும்னு எடுத்தாந்தேன்" என்று மடியில் போட்டான். நாக்கு மாதிரி நீளமான இலை. அதே இலை ஆப்பிரிக்காவில் உண்டு, ஆஸ்திரேலியாவில் உண்டு, தென்துருவத்துப் பனிக்குள்ளேயும் எடுத்திருக்கிறார்கள் என்று அவள் பத்திரிகையில் படித்திருந்தாள். அம்மாடி, அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை! அத்தனை பெரிய கடலைத் தாண்டி அந்தச் செடியின் விதை எப்படிப் போகும்? போகவே வேண்டாம். அந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் ஒன்றாக ஒட்டிக் கிடந்து, பிறகு பிரிந்து நகர்ந்தது என்றால் கணக்கு சரியாக வருகிறது. நம்முடைய நிலம் தெற்கேயிருந்து கோடிக்கணக்கான வருஷம் வடக்கே நடந்து வந்து ஆசியாவில் முட்டியது. நடுவிலிருந்த கடலடி மலையாக எழும்பியது. இமயத்து உச்சியில் கடல் கிளிஞ்சல் கிடப்பதற்கு அதுதான் காரணம். ஆஸ்திரேலியா தனியாக ஒதுங்கியதால்தான் பைக்குள் குட்டி சுமக்கிற சாதியெல்லாம் அங்கே பிழைத்துக் கிடக்கிறது.

பெரிய பெரிய பேராசிரியர்களே அந்த நாளில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். டீச்சர் கவலைப்படவில்லை. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊர் மூட்டை கட்டியது. பள்ளிக்கூடமும் மூடிக் கிடந்தது. பிள்ளைகள் படிக்கிற மாதிரி தமிழில் 'நம் கண்டத்தின் கதை' என்று ஒரு புஸ்தகத்தை அப்போதுதான் எழுத உட்கார்ந்தாள்.

அவளுடைய தமிழ் பாதி பூசைப் புஸ்தகம், பாதி மீன் மார்க்கெட். அதைத் திருத்த வந்தவர் வைரவன், அதே பள்ளியில் தமிழ்ப் பண்டிதர். காரைக்குடிப் பக்கத்துக்காரர், மந்தைவெளியில் குடியிருப்பு. சனிக்கிழமை தவறாமல் வருவார். நாலு வருஷம் வந்தார். தெற்கே தமிழருடைய பெருநிலம் ஒன்று கடலில் மூழ்கிவிட்டது என்பது அவர் உயிராக நம்புகிற விஷயம். அது டீச்சருக்கும் தெரியும்.

"கரையோரத்து ஊருங்களைக் கடல் தின்னிருக்கலாம் ஐயா. ஒரு கண்டமே எப்படி முங்கும்? பாலாடை பாலுக்குள்ள முங்குதா? கண்டமும் கனமில்லாத கல்லுதான், மிதக்குது. நகரும், கிழியும், சுருங்கும். முங்காது."

"நல்லாச் சொன்னீங்க ஐவியம்மா, நல்லாச் சொன்னீங்க" என்று பண்டிதர் தலையை ஆட்டுவார். பாலை அவரும் ஒருமுறை ஊதிப் பார்த்தார்.

யுத்தம் முடிந்தும் காகிதக் கட்டுப்பாடு முடியவில்லை. நாற்பத்தாறில் கச்சேரி ரோட்டு அச்சுக்கூடம் ஒன்றில் புஸ்தக வேலை தொடங்கிய அதே வாரம் டீச்சருக்கு டைஃபாய்ட். உடம்பு தேறினாலும் கண் தேறவில்லை. இரண்டு மாசம் ஒரு எழுத்துப் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பண்டிதர் சாத்துக்குடியும் கையுமாக வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். "புரூஃப் நான் பாத்துக்கிறேன். நீங்க கண்ணை மூடிப் படுங்க." மூடிப் படுத்தாள், பாவி மகள்.

புஸ்தகம் வந்தது. ஆலிஸ் முன்பக்கத்தை வாசித்துக் காட்டினாள். டீச்சர் எழுதிக் கொடுத்த நன்றி அது. "என் தமிழைக் கைபிடித்து நடத்திய வைரவனாருக்கு. இதில் நயம் இருந்தால் அவருடையது. குற்றம் இருந்தால் என்னுடையது." டீச்சர் அந்தப் பக்கத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டாள். மிச்சம்தான் அவளுக்கு மனப்பாடம் ஆயிற்றே.

மறுநாள் வகுப்பில் சகினா என்ற பெண்ணை எழுப்பி நாலாம் அதிகாரம் வாசிக்கச் சொன்னாள். கணீரென்ற குரல் அவளுக்கு.

"ஆதியில் தென்கடலில் பரந்து கிடந்த அப்பெருங்கண்டம், கடல்கோளால் மூழ்கி அழிந்தது..."

"சரியாப் பார்த்துப் படி. 'நகர்ந்து பிரிந்தது.'"

"மூழ்கி அழிந்ததுன்னுதான் டீச்சர் இருக்கு."

"அடுத்த பாரா படி. பாலாடை வரும்."

சகினா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "பாலாடையே இல்லையே டீச்சர். நீங்கதானே எழுதுனீங்க?"

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பது பெண்களும் அவளையே பார்த்தார்கள். புஸ்தகத்தை வாங்கி, டாக்டரையும் கண்ணையும் மறந்து, நின்ற இடத்திலேயே படித்தாள். நகர்ந்தது என்று அவள் எழுதிய இடமெல்லாம் மூழ்கியது. இலைக்கல் இருந்தது, ஆனால் அது மூழ்கிய நாட்டுக்குச் சாட்சியாக நின்றது. அத்தனைக்கும் மேலே அட்டையில் அவள் பெயர்.

மணி அடித்ததும் அச்சுக்கூடத்துக்கு ஓடினாள். எழுத்துக் கோக்கிற பீர் முஹம்மது தலை நிமிர்ந்தார்.

"இன்னா டீச்சர், மூச்சு வாங்குது?"

"பீர் பாய், யாரு இதை மாத்தினது?"

"பண்டிதர்தான் உக்காந்து திருத்திக்கினு இருந்தாரு, சிவப்பு மையில. கோத்ததைக் கலைச்சி மறுபடி கோத்தேன், மூணு தபா. நீங்க சொன்னதா சொன்னாரே?" அவர் குரலைத் தாழ்த்தினார். "ஜோசியக்காரன் தண்ணியில கண்டம்பான். நான் அப்பவே நெனச்சேன், இன்னாடா இது, இங்க கண்டமே தண்ணியில கீதேன்னு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது. பீர் பாய் பயந்துபோய் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

மந்தைவெளியில் பண்டிதர் வாசலிலேயே நின்றிருந்தார். அவள் கையிலிருந்த புஸ்தகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மறுக்கவில்லை.

"உங்க பேரைக் காப்பாத்தத்தான் செஞ்சேன் ஐவியம்மா. நிலம் நடந்துச்சுன்னு எழுதினா ஊர் சிரிக்கும். நிலம் மூழ்கிச்சுன்னு வெள்ளைக்காரப் பேராசிரியருங்களே சொல்றாங்க. நம்ம மக்களுக்கும் பெருமை."

"ஊர் சிரிச்சா நான் பட்டுக்கிறேன். என் வாயில உங்க வார்த்தையை எதுக்குத் திணிச்சீங்க? வேணும்னா உங்க பேர்ல ஒரு புஸ்தகம் போடுறதுதானே?"

"நான் எழுதினா பண்டிதன் உளறுறான்பாங்க. பூகோள டீச்சர் சொன்னா நம்புவாங்க."

அதை அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார். டீச்சர் கேட்க வந்தது அது மட்டுமில்லை.

"நாலு வருஷம் தலையாட்டினீங்களே ஐயா. பாலை ஊதினீங்களே. அதுல ஒரு நாளாவது நம்பினீங்களா?"

பண்டிதர் தரையைப் பார்த்தார். "நீங்க அவ்வளவு சந்தோஷமாச் சொல்வீங்க. மறுக்க மனசு வரல."

நம்பவைத்துக் கழுத்தை அறுக்கிறவர்கள் கத்தியோடு வருவதில்லை, சாத்துக்குடியோடு வருகிறார்கள். டீச்சர் அந்த வாசலில் அதற்குமேல் நிற்கவில்லை. அப்புறம் ஒரே பள்ளியில் ஒன்பது வருஷம் இருந்தார்கள். அவள் அவரோடு பேசவே இல்லை.

அச்சடித்த ஐந்நூறில் இருநூறு அதற்குள் வெளியூர்ப் பள்ளிகளுக்குப் போய்விட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகள் ஐவி டீச்சர் சொன்னதாகக் கண்டத்தை மூழ்கடித்துப் படித்தார்கள், வேறென்ன செய்வார்கள்! மிஞ்சியதற்காவது ஒரு பிழைதிருத்தச் சீட்டு அடித்துத் தரும்படி பீர் பாயிடம் கேட்டாள். காகிதம் ஏது? வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் பொறுக்கி அவர் அடித்துக் கொடுத்தார். 'மூழ்கியது என வரும் இடமெல்லாம் நகர்ந்தது எனத் திருத்தி வாசிக்கவும்.'

"எங்க ஒட்றது டீச்சர்? கடைசிப் பக்கத்துலதான் வழக்கம்."

"முன்பக்கத்துல. அந்த நன்றிக்கு மேல."

அந்தப் புஸ்தகத்தில் அவள் எழுதியபடியே ஒரு எழுத்து மாறாமல் அச்சான பக்கம் அது ஒன்றுதான் என்பது கோத்தவருக்குத் தெரியாதா? பீர் பாய் பசை தடவி, சீட்டை வைத்து அழுத்தினார். வைரவனார் பெயர் சீட்டுக்கடியில் மறைந்தது. நயமும் மறைந்தது. சீட்டு அதோடு முடிந்துவிட்டது.

"துண்டு சின்னது டீச்சர். கடைசி வரி மட்டும் வெளிய நிக்குது."

"எந்த வரி?"

அவர் தயங்கித் தயங்கிப் படித்தார். "'குற்றம் இருந்தால் என்னுடையது.'"

டீச்சர் பசைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, அடுத்த புஸ்தகத்தை எடுத்தாள்.

"அது இருக்கட்டும் பாய். நம்பினவ நான்தானே."